தமிழ்த்துறை ஆசிரியர்களுக்குக் கணினிப் பயிற்சி: எங்கே தொடங்குவது?

கேள்வி | 2024 ஜூலை 6

அரசு உதவி பெறும் கல்லூரியில் தமிழ்த்துறை உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். போன மாதம் இணையவழிப் புத்தாக்கப் பயிற்சி முடித்தேன். இரண்டு வாரம். கூகுள் கிளாஸ்ரூம், மூடுல், கேன்வா, காணொளிப் பாடம், செயற்கை நுண்ணறிவு என்று நாளுக்கு ஒரு பெயர். சான்றிதழ் வந்துவிட்டது. வகுப்பில் எதுவும் மாறவில்லை. இந்தப் பயிற்சியெல்லாம் அறிவியல் துறைக்காரர்களுக்கானது, தமிழ் ஆசிரியருக்குக் கைப்பேசியே போதும் என்று நினைக்கிறேன். ஆனால் எங்கள் துறைக்கு நானே ஒரு பயிற்சி நடத்த வேண்டும் என்கிறார் துறைத்தலைவர். நடத்துவதானால் எங்கே தொடங்குவது ஐயா?

பதில் | ஜூலை 6, இரவு

அந்த இரண்டு வாரம் ஒட்டவில்லை என்று நீங்கள் சொல்வதை அப்படியே நம்புகிறேன். தமிழ் ஆசிரியருக்கு இது வேண்டாம் என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். நமக்குத்தான் மற்றவர்களைவிட அதிகம் வேண்டும். நம் வினாத்தாள், பாடக்குறிப்பு, ஆய்வேடு ஆகியவற்றில் பெரும்பகுதி இன்னும் கணினிக்குத் தமிழாகவே தெரிவதில்லை.

உங்கள் துறையின் பழைய வினாத்தாள் கோப்பு ஒன்றைத் திறந்து பாருங்கள். வானவில் அவ்வையார், பாமினி போன்ற பழைய எழுத்துரு ஒன்றில் இருக்கும். பாமினியில் 'தமிழ்' என்று திரையில் தெரியும் சொல்லுக்குள் உண்மையில் இருப்பது ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். எழுத்துருவை மாற்றினால் அவை அப்படியே வெளியே வந்துவிடும். அந்தக் கோப்பில் தமிழ்ச் சொல்லைத் தேட முடியாது. அகர வரிசைப்படுத்த முடியாது. பிழைதிருத்தி, மொழிபெயர்ப்புக் கருவி, ஆய்வேட்டில் ஒப்புமை பார்க்கும் மென்பொருள் எதுவும் அதைத் தமிழ் என்று ஏற்காது.

உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடையும், தமிழுக்கென்றே உருவான டேஸ் 16 குறியீட்டையும் தமிழக அரசு தரமாக அறிவித்தது 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில். 14 ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆகவே முதல் அமர்வு இதற்குத்தான். ஒவ்வொருவரும் தாம் தட்டிய, அல்லது தமக்காக வேறொருவர் தட்டிக்கொடுத்த கோப்பு ஒன்றைக் கொண்டுவரட்டும். அதை யூனிகோடுக்கு மாற்றி, வரி வரியாகச் சரிபார்த்து, சேமித்துவிட்டு வீட்டுக்குப் போகட்டும். கேன்வாவை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்.

ஜூலை 7

"இது இருபது ஆண்டுக்கு முன் முடிந்த சண்டை, இன்று யார் பாமினியில் தட்டுகிறார்கள்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கைப்பேசியில் யாரும் தட்டுவதில்லை, சரி. கல்லூரி வாசலில் இருக்கும் டிடிபி மையத்தில் கேட்டுப் பாருங்கள். ஆண்டு மலர், கருத்தரங்கக் கட்டுரைத் தொகுப்பு, ஆய்வேடு எல்லாம் அங்கேதான் உருவாகின்றன. கட்டுரை அனுப்பும்போது 'வானவில் எழுத்துருவில், 12 புள்ளியில்' என்ற நிபந்தனையோடு அழைப்பிதழ் இன்னும் வருகிறது. வினாத்தாளையே வெளியே கொடுத்துத் தட்டச்சு செய்து வாங்கும் ஆசிரியர்களை நான் அறிவேன். தேர்வு இரகசியம் அந்தக் கடைக்காரரின் நல்ல மனத்தை நம்பி இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. எனக்கு இதுதான் முதன்மையானது. இளங்கலைத் தமிழ் வகுப்புகளில் பார்வை மாற்றுத்திறனாளி மாணவர்கள் பல கல்லூரிகளில் சேர்கிறார்கள். எங்கள் துறையிலும் ஆண்டுதோறும் இருந்தார்கள். கணினித் திரையில் இருப்பதை உரக்க வாசிக்கும் என்விடிஏ என்ற இலவசத் திரைபடிப்பானை ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற நிரலாளர்கள் இருவர் 2006இல் தொடங்கினார்கள். அது தமிழையும் வாசிக்கும். யூனிகோடில் இருந்தால் வாசிக்கும். பாமினிக் கோப்பைக் கொடுத்தால் "ஜே, கே, பி, ஓ" என்று எழுத்தெழுத்தாக உளறும். எங்கள் மாணவர் ஒருவர் ஒரு பேராசிரியரிடம் போய், "ஐயா, உங்கள் குறிப்பு மட்டும் எனக்குப் படிக்க வரவில்லை" என்றார். எந்தப் பயிற்சிக்கும் வர மறுத்துவந்த அந்தப் பேராசிரியர் மறுநாள் பென்டிரைவோடு என் மேசைக்கு வந்து நின்றார். ஆண்டுக்கணக்கில் சேர்ந்திருந்த குறிப்புகளை அவரே உட்கார்ந்து மாற்றினார். சுற்றறிக்கைகளால் நடக்காத வேலை அது.

உங்கள் துறையிலும் அப்படி ஒரு மாணவர் இருப்பார். முதல் அமர்வுக்கு அவரை அழையுங்கள். கணினி எப்படி வாசிக்கிறது என்பதை அவர் காட்டட்டும். பயிற்சியாளர் என்று அவர் பெயரையே அழைப்பிதழில் போடுங்கள், மதிப்பூதியமும் கொடுங்கள்.

ஜூலை 10

எத்தனை நாள் என்று கேட்டீர்கள். தொடர்ந்து இரண்டு வாரம் வேண்டாம். பருவம் முழுக்க வாரம் ஒரு மாலை, இரண்டு மணி நேரம். பெண் ஆசிரியர்கள் பலருக்கு மாலை நேரம் முடியாது. அப்படியானால் சனிக்கிழமை முற்பகல் வைத்துக்கொள்ளுங்கள். எந்த நேரம் என்று அவர்களிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஆளுக்கு ஒரு கணினி கட்டாயம். மேடையில் ஒருவர் சொடுக்கிக் காட்டுவதை ஐம்பது பேர் பார்க்கும் கூட்டத்துக்குப் பயிற்சி என்று பெயர் வைக்காதீர்கள்.

ஜூலை 13

தட்டச்சு. இதில் பலரும் சொல்லாமல் மறைக்கும் கூச்சம் ஒன்று இருக்கிறது. நாற்பதைத் தாண்டிய ஆசிரியர் ஒருவர் கட்டுரையைக் கையால் எழுதி, ஆய்வு மாணவரிடம் கொடுத்துத் தட்டச் சொல்வார். மாணவர் ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்துத் தட்டுவார். ன, ண, ந குழம்பி வரும். ஆசிரியர் சிவப்பு மையில் திருத்துவார். மீண்டும் தட்டு. இந்தச் சுற்றில் இருவருடைய ஆய்வு நேரமும் போகிறது.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டி வந்ததுதான் தமிழ்99 விசைப்பலகை. 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் என 31 விசைக்குள் 247 எழுத்தும் அடங்கிவிடும். உயிர் இடக்கைக்கு, மெய் பெரும்பாலும் வலக்கைக்கு. ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதலாவதுக்குப் புள்ளி தானே விழும். 'பக்கம்' என்று அடிக்கும்போது க்-வுக்குப் புள்ளி வைக்க வேண்டியதில்லை. 'ங்க', 'ந்த' போன்ற இன எழுத்துகளுக்கும் அப்படியே. இதை வடிவமைத்தவர்கள் நன்னூலைக் கரைத்துக் குடித்தவர்கள் போலத் தோன்றும். தமிழ் ஆசிரியருக்கு இந்த அமைப்பைச் சொன்னால் உடனே பிடிபடுகிறது, ஏனென்றால் எந்த மெய்யை அடுத்து எந்த மெய் வரும் என்ற மெய்ம்மயக்கம் அவருக்கு ஏற்கெனவே தெரியும். தனியாக மென்பொருள் தேட வேண்டியதில்லை, இப்போதைய விண்டோஸிலேயே இருக்கிறது.

ஜூலை 14

மேலே எழுதியதைப் படித்துவிட்டு ஓர் அம்மையார், "நான் தமிழ்த் தட்டச்சில் ஹையர் பாஸ் செய்தவள், என் விரலை மாற்றச் சொல்லாதீர்கள்" என்று எழுதியிருக்கிறார். மாற்ற வேண்டாம் அம்மா. பழைய தட்டச்சு அமைப்பிலேயே யூனிகோடில் அடிக்கலாம், என்எச்எம் ரைட்டர் என்ற தட்டச்சு மென்பொருளில் அதற்கு வழி இருக்கிறது. எல்லோரையும் தமிழ்99க்குக் கொண்டுவர வேண்டும் என்று நேற்று எழுதும்போது நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் புதிதாகத் தொடங்குபவருக்கு மட்டும் அதைச் சொல்லிக்கொடுத்தால் போதும். ஓய்வுபெற மூன்று ஆண்டு இருப்பவருக்குக் கூகுள் டாக்ஸின் குரல் தட்டச்சு போதும். அவர் நிறுத்தி நிதானமாகப் பேசினால் அது நன்றாகவே எழுதுகிறது. சங்கச் சொல் வந்தால்தான் தடுமாறும்.

எந்த விசை என்பது ஆளுக்கு ஆள் வேறுபடலாம். உள்ளே யூனிகோடு என்பது மட்டும் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஜூலை 21

இரண்டாம், மூன்றாம் அமர்வுக்கு என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

தேடலை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடில் உள்ள ஏதேனும் ஒரு நூல், தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்திலிருந்து எடுத்தது. 1998 பொங்கலன்று தொடங்கிய அந்தத் தன்னார்வப் பணியில்லாமல் நம் பாதி ஆய்வு நடக்காது. எடுத்த நூலில் 'மரம்' என்று தேடச் சொல்லுங்கள். மரத்தை, மரத்தில், மரத்தின் எதுவும் வராது, மகரம் கெட்டு அத்துச்சாரியை வந்துவிட்டதல்லவா? சரி, 'மர' என்று தேடுங்கள். இப்போது மரபும் மராத்தியும் சேர்ந்து வரும். அப்புறம் 'மரத்த' என்று தேடினால் வேற்றுமை ஏற்ற வடிவங்கள் வரும், கூடவே கால் மரத்ததும் வரும். ஆக, ஒரே பெயர்ச்சொல்லை முழுமையாகத் தேட 'மரம்', 'மரத்த', 'மரங்க' என்று எந்தெந்த வடிவத்தைக் கொடுக்க வேண்டும் என்பதை இலக்கணம் படித்தவரால்தான் பட்டியலிட முடியும். இந்த அமர்வில் ஆசிரியர்கள் சத்தம் போட்டு விவாதிப்பார்கள். விடுங்கள், நடக்கட்டும். நான் பார்த்த அமர்வுகளில் தேநீர் இடைவேளைக்கும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தது இதற்குத்தான்.

அடுத்து செய்யுள். குறள் 397ஐக் கொடுங்கள். "யாதானும் நாடாமால் ஊராமால் என்னொருவன் சாந்துணையுங் கல்லாத வாறு." இதில் 'துணையும்' என்று தேடினால் கிடைக்காது, புணர்ச்சியால் 'துணையுங்' ஆகிவிட்டது. 'ஆறு' கிடைக்காது, சீர் பிரிப்பில் 'வாறு' ஆகிவிட்டது. 'நாடு' கிடைக்காது. மனிதக் கண்ணுக்கு மூன்றும் இருக்கின்றன, எந்திரத்துக்கு ஒன்றுகூட இல்லை. பதம் பிரித்த பாடத்தையும் சீர் பிரித்த பாடத்தையும் தனித்தனிக் கோப்பாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று யாரும் விதி சொல்ல வேண்டியதில்லை, அவர்களே கேட்பார்கள்.

மூன்றாவது ஒரு சிறு சோதனை. அவரவர் ஆய்வேட்டில் 'ஔவையார்' என்று தேடச் சொல்லுங்கள். பிறகு ஒகரத்தையும் ளகரத்தையும் தனித்தனியாக அடித்து 'ஒளவையார்' என்று தேடச் சொல்லுங்கள். பார்க்க இரண்டும் ஒன்று போலவே இருக்கும். ஒரே ஆய்வேட்டில் இரண்டும் கலந்து கிடக்கும். 'கௌரவம்' என்பதிலும் இதே சிக்கல்.

ஜூலை 24

நூலில் உள்ள சொற்களை எண்ணி ஆராய உதவும் ஆன்ட்கான்க் மென்பொருளில் சொற்பட்டியல் எடுத்தால் வெறும் க, ம, த என்று உதிரி எழுத்துகளாக வருகிறது, தமிழுக்கு ஒத்துவராது போலிருக்கிறது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஒத்துவரும். ஜப்பானின் வாசேதா பல்கலைக்கழகப் பேராசிரியர் லாரன்ஸ் ஆன்டனி உருவாக்கி இலவசமாகக் கொடுக்கும் மென்பொருள் அது. யூனிகோடில் நம் புள்ளியும் கால், கொம்பு, சுழி எல்லாமும் 'குறி' என்ற வகையில் சேர்க்கப்பட்டிருக்கின்றன, 'எழுத்து' என்ற வகையில் இல்லை. அமைப்புகளுக்குள் போய், சொல் எது என்று வரையறுக்கும் இடத்தில் எழுத்தோடு குறியையும் சேருங்கள். சொற்கள் முழுசாக வந்துவிடும்.

பயிற்சிக் கையேட்டில் அச்சிட்டுத் தர வேண்டியவை இந்த மாதிரி விஷயங்கள்தான். தமிழில் எங்கே முட்டும், முட்டினால் எப்படி நகர்வது என்று ஆங்கிலத்துக்காக எழுதிய கையேட்டில் இருக்காது.

ஆகஸ்ட் 3

பேச்சு சான்றிதழ் பக்கம் போய்விட்டது. சரி, அதையும் பேசுவோம்.

1986 தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து பல்கலைக்கழக மானியக்குழு ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர அகாடமிக் ஸ்டாஃப் கல்லூரிகளைத் தொடங்கியது. 2015இல் அவை மனிதவள மேம்பாட்டு மையங்கள் ஆயின. 2023 முதல் மாளவியா மிஷன் பெயரில் இயங்குகின்றன. பதவி உயர்வுக்கு அறிமுகப் பயிற்சியும் புத்தாக்கப் பயிற்சியும் வேண்டும் என்பது விதி. ஆகவே தலைப்பு எதுவாக இருந்தாலும் ஆசிரியர் போகிறார். விதி இருந்ததால்தான் பலர் முதல் முறையாக வேறு கல்லூரி ஆசிரியர்களோடு உட்கார்ந்து பேசினார்கள், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். என் நெருங்கிய ஆய்வு நண்பர்கள் இருவர் அப்படிக் கிடைத்தவர்கள்தான்.

2020இல் ஊரடங்கு வந்ததும் நடந்தது வேறு. ஒரு மணி நேர இணையக் கருத்தரங்கு, கடைசியில் ஒரு கூகுள் படிவம், நிரப்பினால் மின்சான்றிதழ். ஒரே நாளில் மூன்று கருத்தரங்கில் பங்கேற்றதாகச் சான்றிதழ் வைத்திருந்தவர்கள் உண்டு. அதே மாதங்களில் எங்கள் மாணவர்கள் ஒரு நாளுக்கான டேட்டா தீர்ந்துவிடும் என்று வகுப்பை வாட்ஸ்ஆப் ஒலிப்பதிவாக அனுப்பச் சொன்னார்கள். பத்து நிமிட ஒலிப்பதிவில் ஒரு செய்யுளை எப்படி நடத்துவது என்பதுதான் அப்போது ஆசிரியருக்குத் தேவைப்பட்ட பயிற்சி. அதை யாரும் நடத்தவில்லை, அவரவர் பட்டுத் தெரிந்துகொண்டோம்.

கௌரவ விரிவுரையாளர்களை மறந்துவிடாதீர்கள். வகுப்பில் பெரும் பங்கை எடுப்பவர்கள் அவர்கள். பதவி உயர்வு என்ற ஒன்றே அவர்களுக்கு இல்லாததால் பயிற்சிப் பட்டியலில் பெயரும் வருவதில்லை. பணிக்கு விடுப்பு எடுத்தால் அவர்களுக்கு இழப்பு. உங்கள் சனிக்கிழமை அமர்வில் முதல் வரிசை அவர்களுக்கு இருக்கட்டும். துறையில் தட்டச்சு வேகமும் கருவிப் பழக்கமும் அதிகம் உள்ளவர்களும் பல இடங்களில் அவர்களே.

ஆகஸ்ட் 4

நேற்றைய குறிப்புக்கு வந்த பதில்களில் ஒருவர், "கோட்பாடே இல்லாமல் பேசுகிறீர்கள்" என்கிறார். புன்யா மிஸ்ரா, மேத்யூ கோலர் என்ற கல்வி ஆய்வாளர்கள் இருவரும் 2006இல் எழுதியது உதவும்: பாட அறிவு, கற்பிக்கும் அறிவு, தொழில்நுட்ப அறிவு மூன்றும் தனித்தனியாக இருந்தால் போதாது, ஒன்றோடொன்று கலக்கும் இடத்தில்தான் ஆசிரியரின் திறமை இருக்கிறது என்றார்கள். 'மரம்' தேடும் அமர்வு அந்தக் கலக்கும் இடம்.

ஆகஸ்ட் 11

பழைய நூல்களை எழுத்தாக மாற்றுவது பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். பக்கத்தை ஒளிவருடி அல்லது கைப்பேசியில் நேராகப் படம் பிடித்து, கூகுள் டிரைவில் ஏற்றி, டாக்ஸில் திறங்கள். எழுத்தாக வந்துவிடும். அச்சு நன்றாக இருந்தால் வியக்கும் அளவுக்குச் சரியாக வரும்.

சிக்கல் 1978க்கு முந்தைய நூல்களில். அந்த ஆண்டு எழுத்துச் சீர்திருத்த ஆணை வரும்வரை ணா, றா, னா, ணை, லை, ளை, னை எல்லாம் வேறு வடிவம். துதிக்கை போட்ட லையை எந்திரம் வேறு எதுவாகவோ படிக்கும். கால் ரகரமாகும், ரகரம் காலாகும். ககரத்துக்குப் பதிலாக அதே போலத் தெரியும் தமிழ் எண் ௧ வந்து உட்கார்ந்துகொள்ளும், கண்ணுக்குத் தெரியாது, தேடும்போதுதான் தெரியும்.

இதை முதுகலை மாணவர்களோடு சேர்ந்து செய்யுங்கள். நாட்டுடைமையான நூல் ஒன்றை எடுத்து, ஆளுக்குப் பத்துப் பக்கம் மெய்ப்புப் பார்த்து விக்கிமூலம் என்ற இணைய நூலகத்தில் ஏற்றலாம். பதிப்பியல் தாளுக்கு இதைவிட நல்ல செய்முறை எனக்குத் தெரியாது. மூலத்தில் இருக்கும் பிழையைத் திருத்தலாமா, அப்படியே விடலாமா என்று இருபது வயதுப் பெண் ஒருத்தி கேட்டபோது வகுப்பே அதன் மேல் ஒரு மணி நேரம் பேசியது.

ஆகஸ்ட் 18

செயற்கை நுண்ணறிவு. தவிர்க்க முடியாது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு ஒப்படைப்புகளின் நடை மாறிவிட்டதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எல்லாக் கட்டுரையும் ஒரே குரலில் வருகிறது.

தடை செய்வது பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை. ஆசிரியர்கள் அமர்வில் இதைச் செய்யுங்கள்: சங்கப் பாடல் ஒன்றை எண்ணோடு கேட்டு வாங்குங்கள், பாடலையும் புலவர் பெயரையும் திணையையும் துறையையும். பிறகு அச்சுப் பதிப்பைப் புரட்டுங்கள். பல முறை சங்க நடையில் அழகாக ஒலிக்கும் வரிகள் வரும், அந்த நூலில் அப்படி ஒரு பாடலே இருக்காது. மாணவர்களையும் இதே சரிபார்ப்பைச் செய்யவைத்து, எங்கே தவறு என்று எழுதச் சொல்லுங்கள். அதற்கு மதிப்பெண் கொடுங்கள்.

இன்னொரு வழி, ஒப்படைப்பையே மாற்றுவது. 'நாட்டார் வழக்காற்றியலின் சிறப்புகள்' என்று கேட்டால் எந்திரம் எழுதித் தரும். "உன் ஊரில் நாற்று நடும்போது பாடிய பாட்டு, பாடியவர் சம்மதத்தோடு பதிவு செய்து, அவர் சொன்னபடியே எழுத்தில் கொடு" என்றால் மாணவர் பாட்டியிடம் போயாக வேண்டும். கைப்பேசி ஒலிப்பதிவு, பேச்சுவழக்கை எழுத்தில் கொண்டுவருவது, கோப்புக்கு ஊரும் தேதியும் போட்டுப் பெயர் வைப்பது என்று தொழில்நுட்பப் பயிற்சி முழுக்க அதில் இருக்கிறது. குரல் தட்டச்சு வட்டார வழக்குக்கு முன்னால் எப்படித் திணறுகிறது என்பதையும் அவர்களே கண்டுகொள்வார்கள்.

ஆகஸ்ட் 31

நீங்கள் எழுதிய செய்தி பார்த்தேன். நான்கு சனிக்கிழமை முடிந்துவிட்டது, உங்கள் பார்வை மாற்றுத்திறனாளி மாணவரே முதல் அமர்வைத் தொடங்கிவைத்தார், துறைத்தலைவர் தன் பழைய கட்டுரைகளைத் தானே மாற்றிக்கொண்டிருக்கிறார் என்றெல்லாம் படிக்கும்போது மனம் நிறைந்துவிட்டது.

தேர்வுப் பிரிவு வானவில் கோப்பைத்தான் வாங்குவேன் என்கிறது, என்ன செய்வது என்று கேட்கிறீர்கள். சண்டை வேண்டாம், நவம்பர்த் தேர்வு நெருங்குகிறது. மூலத்தை யூனிகோடில் வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு அனுப்ப மட்டும் எழுத்துரு மாற்றும் மென்பொருளில் போட்டு வானவில் படி ஒன்று எடுங்கள். மாற்றிய பிறகு ஔ, ஸ்ரீ, மேற்கோள்குறி, கொம்புக்கால் எழுத்துகள் நான்கையும் கண்ணால் பாருங்கள், பெரும்பாலும் பிசகுவது அங்கேதான். அடையாளப் படியாக ஒரு பிடிஎஃப்பும் சேர்த்து அனுப்புங்கள். தேர்வு முடிந்ததும், பார்வை மாற்றுத்திறனாளித் தேர்வர்களுக்கு யூனிகோடு வினாத்தாள் தேவை என்று துறைத் தீர்மானமாக எழுதி, அந்த மாணவரின் கையெழுத்தோடு தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்குக் கொடுங்கள். தீர்மானத்தின் வரைவை இங்கே போட்டால் நானும் படித்துச் சொல்கிறேன்.